சூறாவளிக் காலத்தில் கரீபியன் குரூஸ்: தேதி குறிப்பதிலிருந்து வீடு திரும்பும்வரை

செப்டம்பர், அக்டோபரில் குரூஸ் டிக்கெட் விலை இறங்குவதைப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?” என்பதுதான். பயம் நியாயமானது, ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் அது இல்லை. பெரிய பயணக் கப்பல் மணிக்கு 20 கடல் மைலுக்கு மேல் ஓடும். ஏறக்குறைய 37 கிலோமீட்டர். சூறாவளியின் உள்ளே சுழலும் காற்று எவ்வளவு வேகமாக இருந்தாலும், கரீபியன் பகுதியில் அது இடம் விட்டு இடம் நகரும் வேகம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. கேப்டனுக்குப் பல நாட்களுக்கு முன்பே தகவல் வந்துவிடுகிறது. அவர் கப்பலைத் திருப்பிக்கொண்டு விலகிப் போய்விடுவார்.

விலகிப் போக முடியாதவை இரண்டு. ஒன்று, நீங்கள் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்ட தீவு. மற்றொன்று, நீங்கள் ஏறவும் இறங்கவும் வேண்டிய துறைமுகம். சூறாவளிக் காலத்தில் பயணிக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன: பாதை மாறும், கிளம்புவது தாமதமாகும், திரும்புவது தாமதமாகும். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். பணத்தையும் நாட்களையும் இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்கிற மாதிரி ஒதுக்கிவிட்டால், விலை குறைந்த மாதங்களிலும் நிம்மதியாகப் போய் வரலாம்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி ஒரு பருவத்தில் பெயர் வைக்கப்படும் புயல்கள் 14, அவற்றில் ஹரிக்கேன், அதாவது சூறாவளி ஆகின்றவை 7, காற்று வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகைகளில் மூன்றாம் வகையும் அதற்கு மேலுமான பெரிய சூறாவளிகள் 3. இந்த ஆறு மாதங்களையும் ஒரே மாதிரி நினைத்துப் பயப்படுவதுதான் பலர் செய்யும் தவறு. ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான் நெருக்கடியான காலம். உச்ச நாள் செப்டம்பர் 10.

ஜூனிலும் ஜூலை முதல் பாதியிலும் சஹாராவிலிருந்து வரும் வறண்ட தூசிக்காற்று அட்லாண்டிக் மேலே பரவி, புயல்கள் வளரவிடாமல் அடிக்கடி தடுத்துவிடும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஜூன்தான் என் முதல் பரிந்துரை. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் சூறாவளி கிரெனடாவைச் சேர்ந்த காரியாக்கூ தீவை நான்காம் வகை வேகத்தில் தாக்கியது. சில மணி நேரத்தில் ஐந்தாம் வகையாக வலுத்தது. அட்லாண்டிக் பதிவுகளில் ஒரு பருவத்தில் அவ்வளவு முன்கூட்டியே ஐந்தாம் வகை வந்ததே இல்லை.

ஆகஸ்ட் நடுவிலிருந்து ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி, கேப் வெர்டே தீவுகள் பக்கமாக வரும் காற்றலைகள் நீண்ட தூரம் வெப்பக் கடல்மேல் வந்து பெரும் சூறாவளிகளாகின்றன. கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவற்றுக்குத் தீனி கிடைத்துவிடும். செப்டம்பரில் கரீபியன் அதையும் தாண்டிக் கொதித்துக் கிடக்கும். இப்படி வருகிறவை முதலில் மோதுவது கிழக்குத் தீவுகளில். 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்ற இரண்டு ஐந்தாம் வகைச் சூறாவளிகள் இரண்டு வாரத்துக்குள் செயின்ட் மார்ட்டின், டொமினிக்கா, போர்ட்டோ ரிக்கோ என்று வரிசையாகப் புரட்டிப் போட்டன.

அக்டோபரில் ஆட்டம் மேற்குக்கு மாறும். ஜமைக்கா, கேமன் தீவுகள், மெக்சிகோவின் கொசுமெல் பக்கம் இருக்கிற ஆழமான வெந்நீர்ப் பரப்பில் புயல் மெதுவாக நின்று வளரும். 2005 அக்டோபரில் வில்மா கொசுமெலின் கப்பல் துறைகளையே உடைத்தது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா ஐந்தாம் வகையாக ஜமைக்காவின் தென்மேற்குக் கரையில் ஏறியது. ஆகவே செப்டம்பரில் போவதென்றால் மேற்குப் பாதை, அக்டோபர் பிற்பகுதியில் போவதென்றால் கிழக்குப் பாதை என்பது என் கணக்கு. உத்தரவாதம் இல்லை, வாய்ப்பைச் சற்று உங்கள் பக்கம் சாய்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவே.

தேதியில் தளர்வு இருந்தால், டிசம்பர் முதல் இரண்டு வாரங்களைப் பாருங்கள். அமெரிக்காவின் நன்றி நவிலல் (தேங்ஸ்கிவிங்) விடுமுறைக் கூட்டம் போயிருக்கும், கிறிஸ்துமஸ் கூட்டம் வந்திருக்காது, சூறாவளிக் காலம் முடிந்திருக்கும். ஈஸ்டருக்குப் பின், மே மாத இறுதிக்குள் இன்னொரு நல்ல இடைவெளி இருக்கிறது.

படி 2: பாதையைப் பாருங்கள், அதைவிடக் கப்பலைப் பாருங்கள்

“அரூபா, பொனைர், குராசோ தீவுகளுக்குச் சூறாவளி வராது, அங்கே போங்கள்” என்று எல்லாரும் சொல்வார்கள். பெருமளவு உண்மை. வெனிசுவேலாக் கரைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் அந்த மூன்று தீவுகளையும் நேரடித் தாக்குதல் அரிதாகவே தொடுகிறது. புயல்கள் பெரும்பாலும் அவற்றுக்கு வடக்கே வளைந்து போய்விடும். ஆனால் நீங்கள் ஏறுவது மயாமியில் என்றால், அந்தத் தீவுகளுக்குப் போகவும் வரவும் சூறாவளிப் பட்டையை இரண்டு முறை குறுக்கே கடக்க வேண்டும். பாதுகாப்பு தீவுக்குத்தான், உங்கள் பயணம் முழுவதற்கும் இல்லை. அந்தத் தீவுகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் விமானத்தில் போய் ஒரு வாரம் தங்குவதே மேல்.

டெண்டர் துறைமுகங்களைக் கவனியுங்கள். கிராண்ட் கேமனின் ஜார்ஜ் டவுனிலும் பெலீஸ் சிட்டியிலும் பெரிய கப்பல் கரையில் கட்ட முடியாது. கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். புயல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதன் அலைவீச்சு அங்கே எட்டிவிடும். வானம் நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும், படகு மட்டும் கப்பல் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும். அந்தத் துறைமுகத்தை அன்று ரத்து செய்துவிடுவார்கள். உங்கள் முக்கியமான ஆசை அங்கே இருந்தால், குளிர்காலத்துக்குத் தள்ளிவையுங்கள்.

குவாதலூப், மார்ட்டினிக் தீவுகளையும் நான் அப்படித்தான் தள்ளிவைத்திருக்கிறேன். 1850-களில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். குவாதலூப்பின் காபெஸ்தேர் பெல்-ஓ ஊரில் வண்ணக் கோபுரத்தோடு சாலையோரம் நிற்கும் ஷாங்கி கோயிலைப் பார்ப்பதற்காகவே ஒரு பயணம் போகலாம். அப்படி ஒரே ஒரு இடத்துக்காகப் போகிற பயணத்தைச் செப்டம்பரில் வைக்காதீர்கள்.

இந்தப் பருவத்தில் துறைமுகங்களை நம்பிப் பதிவு செய்யாமல், கப்பலைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஏழு நாளில் நான்கு நாள் கடலிலேயே கழிந்தாலும் உங்கள் வீட்டார் மகிழ்ச்சியாக இருப்பார்களா என்று யோசியுங்கள். குழந்தைகளுக்கு நீச்சல் குளம், பெரியவர்களுக்குச் சைவச் சாப்பாடு, மழையிலும் உட்கார இடம். இதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

படி 3: ஏறும் துறைமுகம்

மயாமியும் ஃபோர்ட் லாடர்டேலும் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பவை. ஒன்று மூடினால் மற்றொன்றும் மூடும் வாய்ப்பு அதிகம். ஆர்லாண்டோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் போர்ட் கனாவெரல். மெக்சிகோ வளைகுடாப் பக்கம் டாம்பா, நியூ ஆர்லியன்ஸ், கால்வெஸ்டன்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை துறைமுகங்களை மூடும் முறையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் போல அங்கே நான்கு நிலைகள்: விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, சூலூ. பலத்த காற்று 72 மணி நேரத்தில் வரலாம் என்றால் விஸ்கி, 48 என்றால் எக்ஸ்ரே, 24 என்றால் யாங்கி, 12 மணி நேரம் என்றால் சூலூ. சூலூ அறிவித்தால் துறைமுகம் மூடிவிட்டது. புயல் கடந்து வெயில் வந்த உடனே திறந்துவிடவும் மாட்டார்கள். கால்வாயில் எதுவும் மூழ்கிக் கிடக்கிறதா, மிதவைகள் இடம் மாறிவிட்டனவா, மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகே கப்பலை உள்ளே விடுவார்கள். “புயல்தான் போய்விட்டதே, ஏன் இன்னும் வெளியே நிற்கிறோம்?” என்று கப்பலில் எரிச்சல் கிளம்புவது இந்த இடைவெளியில்தான்.

காரில் போகும் தூரத்தில் ஒரு துறைமுகம் இருந்தால் அதையே எடுங்கள். புயல் வாரத்தில் விமான நிலையங்கள் திணறும்போது கார் கையில் இருப்பது பெரிய நிம்மதி.

படி 4: முன்பணமும் இன்ஷூரன்ஸும்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. பெரும்பாலான நிறுவனங்களில் பயணத்துக்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன் முழுத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். அதுவரை ரத்து செய்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கிற கட்டணமும் உண்டு, கிடைக்காத கட்டணமும் உண்டு. சூறாவளிக் காலத்துக்குப் பதிவு செய்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் திரும்பக் கிடைக்கிறதையே எடுங்கள்.

டிக்கெட் ஒப்பந்தத்தைப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாக இருக்கும்: பாதுகாப்புக் காரணத்துக்காக எந்தத் துறைமுகத்தையும் விடவும் மாற்றவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதற்கு நஷ்டஈடு கிடையாது. போகாத துறைமுகத்தின் வரியும், கப்பல் மூலம் பதிவு செய்த சுற்றுலாவின் பணமும் திரும்பும். பயணத்தையே அவர்கள் ரத்து செய்தால் முழுப்பணம் கிடைக்கும். “புயல் வருகிறது, நான் வரவில்லை” என்று நீங்களாகக் கடைசி நேரத்தில் ஒதுங்கினால் பயணக் கட்டணம் திரும்பாது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் இன்ஷூரன்ஸ். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலால் வரும் நஷ்டத்தைத் தராது. அது ‘முன்பே தெரிந்த நிகழ்வு’ ஆகிவிடும். ஆகவே டெபாசிட் கட்டிய அந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பாலிசியில் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள்: பயணம் ரத்தானால், பாதியில் நின்றால், தாமதமானால், துறைமுகம் தவறினால் என்ன தருவார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்கிற கூடுதல் பாலிசியும் இருக்கிறது. விலை அதிகம், வழக்கமாக 50 முதல் 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும். முதல் தொகை கட்டிய இரண்டு, மூன்று வாரத்துக்குள் வாங்க வேண்டும், கிளம்ப இரண்டு நாளுக்கு முன்பே ரத்து செய்யவும் வேண்டும். வயதானவர்களை அழைத்துக்கொண்டு செப்டம்பரில் போகிறவர்களுக்கு இது வீண்செலவு இல்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்காக வாங்கிய விசிட்டர் மருத்துவ இன்ஷூரன்ஸ் வேறு, இது வேறு. ரத்தான பயணத்துக்கு அது பணம் தராது. கப்பலில் வைத்தியம் பார்த்தால் தருமா என்பதையும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

படி 5: விமானம், ஹோட்டல், லீவு

கப்பல் கிளம்பும் நாளில் விமானம் ஏறவே கூடாது. ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். செப்டம்பரில் என்றால் இரண்டு நாள். திரும்பும் நாளில் காலை விமானம் வேண்டாம், மாலைக்கோ மறுநாளுக்கோ போடுங்கள். டிக்கெட்டை விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுங்கள். மாற்ற வேண்டிய நேரத்தில் இடையில் ஓர் ஏஜென்சி இருந்தால் இரண்டு பக்கமும் அலைய நேரும். ஹோட்டல் கடைசி நாள்வரை ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும். அலுவலகத்தில் இரண்டு நாள் லீவு கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்.

படி 6: பாஸ்போர்ட்டும் விசாவும்

நம்மவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. பதிவு செய்த பாதையில் இருக்கிற தீவுகளின் விசா விதியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். புயல் வந்தால் பஹாமாஸ் பயணம் மெக்சிகோ பயணமாகும், மெக்சிகோ பயணம் பஹாமாஸ் பயணமாகும். கிழக்கு, மேற்கு இரண்டு பட்டியலையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அமெரிக்க வேலை விசாவான ஹெச்1பி-யில் இருப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியாகி இருந்தாலும் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் 30 நாளுக்குள் திரும்பலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை ஹெச்1பி-க்குக் கிடையாது. கொசுமெல் மட்டும் போகும் கப்பல்தானே என்று அதை நம்பி ஏறி, புயலால் கப்பல் பஹாமாஸ் பக்கம் திரும்பினால் உங்கள் நிலை என்ன? செல்லுபடியாகும் ஸ்டாம்ப் இல்லாமல் இந்தப் பருவத்தில் கப்பல் ஏறாதீர்கள். ஸ்டாம்பும் பாஸ்போர்ட்டும் திரும்பும் தேதிக்குப் பின்னும் சில வாரங்கள் செல்லட்டும்.

அமெரிக்கக் குடிமக்கள் ஒரே துறைமுகத்தில் ஏறி அங்கேயே இறங்கும் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசு அடையாள அட்டையும் வைத்துக்கொண்டு போகலாம்தான். ஆனால் ஏதோ ஒரு தீவில் இறங்கி விமானத்தில் திரும்ப நேர்ந்தால் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்கும் எடுத்துவிடுங்கள்.

படி 7: கிளம்ப ஏழு நாள் இருக்கும்போது

மயாமியில் இருக்கும் தேசியச் சூறாவளி மையத்தின் இணையதளத்தைப் பாருங்கள். தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பில் வரும் படங்களும் வேண்டாம். அந்த மையம் அடுத்த ஏழு நாட்களுக்கான வரைபடத்தை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் புயல் உருவாக 40 சதவீதத்துக்குக் குறைவான வாய்ப்பு, ஆரஞ்சு என்றால் 40 முதல் 60, சிவப்பு என்றால் அதற்கு மேல். மஞ்சளுக்குத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

புயல் உருவானபின் கூம்பு வடிவப் படம் ஒன்று வரும். அதைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். புயலின் அகலத்தை அது காட்டுவதில்லை. புயலின் மையம் எங்கெல்லாம் போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. மூன்றில் இரண்டு முறை மையம் அந்தக் கூம்புக்குள் இருக்கும், ஒரு முறை வெளியே போகும். மழையும் அலையும் கூம்புக்கு வெளியேயும் நன்றாக எட்டும். நீங்கள் ஏறும் துறைமுகம் கூம்பின் ஓரத்தில் இருந்தால்கூட உள்ளே இருப்பதாகவே வைத்துத் திட்டமிடுங்கள்.

கப்பல் நிறுவனம் மின்னஞ்சலிலும் செயலியிலும் தகவல் அனுப்பும். பதிவில் இருக்கும் கைப்பேசி எண் சரிதானா என்று பாருங்கள். அவர்கள் அறிவிக்கும்வரை நீங்களாக ரத்து செய்ய வேண்டாம்.

படி 8: மருந்து

சில ஆண்டுகளுக்கு முன் செப்டம்பர் கடைசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏழு நாள் பயணம் போனோம். அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் உண்டு. கிழமை போட்ட ஏழு மூடி கொண்ட நீலப் பெட்டியில் நானே எண்ணி அடைத்தேன். ஆறாம் நாள் இரவு, துறைமுகம் மூடியிருக்கிறது, கரை சேர இரண்டு நாள் ஆகும் என்று கேப்டன் அறிவித்தார். மறுநாள் காலை அம்மா கடைசி மூடியைத் திறந்து மாத்திரையை விழுங்கிவிட்டு, காலிப் பெட்டியை மேசைமேல் வைத்து, “ரெண்டு நாள்தானேப்பா, சமாளிச்சுக்கலாம்” என்றார். எனக்குக் கை நடுங்கியது. கப்பல் மருத்துவமனையில் ஒரு மாத்திரைக்கு அதே மருந்து இருந்தது, இன்னொன்றுக்கு மாற்று மருந்து கொடுத்தார்கள். பெரிய கட்டணம் ஆனது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அந்த இரண்டு இரவும் அம்மாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்ததுதான் மறக்கவில்லை.

எனவே பயண நாட்களோடு குறைந்தது ஐந்து நாள் மருந்து கூடுதலாக எடுங்கள். மருந்துச் சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வையுங்கள். குழந்தைகளுக்குப் பால்மாவு, டயப்பர், கண் லென்ஸ் போடுகிறவர்களுக்கு அதன் திரவம், எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட்டால் அது கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடும்.

குமட்டலுக்கு மெக்லிசின் மாத்திரை அமெரிக்காவில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. வேறு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேபின் எடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்கினால் ஆட்டம் குறைவாகத் தெரியும். மேல்தளத்துப் பால்கனி அழகுதான், அலை நாளில் அதே பால்கனிதான் அதிகம் ஆடும்.

படி 9: பாதை மாறிவிட்டது என்று அறிவித்தால்

அறிவிப்பு வந்த அடுத்த நிமிடம் விருந்தினர் சேவை மேசை முன்னால் நீண்ட வரிசை நிற்கும். அதில் போய் நிற்காதீர்கள். பாதையை அங்கே இருப்பவர்களால் மாற்ற முடியாது. முதலில் தனியாரிடம் பதிவு செய்த சுற்றுலாக்களை ரத்து செய்து செய்தி அனுப்புங்கள். “கப்பல் வராவிட்டால் முழுப்பணம்” என்று முன்பே சொன்னவர்களிடம் மட்டும் பதிவு செய்திருந்தால் இது ஐந்து நிமிட வேலை. கப்பல் மூலம் எடுத்தவை தாமாகவே உங்கள் கணக்கில் வரவாகும். பிறகு புதுத் துறைமுகத்துக்கான சுற்றுலாக்களைச் செயலியில் பாருங்கள், நல்லவை அன்று மாலைக்குள் தீர்ந்துவிடும்.

திரும்புவது தாமதம் என்று அறிவித்தால் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை மாறும்: முதலில் விமானத்தை மாற்றுங்கள், பிறகு ஹோட்டல், பிறகு அலுவலகம், பிறகு காரை நிறுத்தியிருக்கும் இடம். கப்பலின் இணைய இணைப்பு அன்று மந்தமாக இருக்கும், எல்லாரும் அதையேதான் செய்வார்கள். விமான நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வைத்தால், நீங்கள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும், அவர் பேசி முடித்துவிடுவார்.

விருந்தினர் சேவை மேசைக்குப் போக வேண்டியது கடைசி நாளில், கூட்டம் கலைந்த பிறகு. எந்தத் துறைமுகம் விடப்பட்டது, கரை சேர எத்தனை மணி நேரம் தாமதமானது என்று கப்பலின் பெயர், தேதியோடு ஒரு கடிதம் கேளுங்கள். கொடுப்பார்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். இறங்கிவிட்ட பிறகு அதை மின்னஞ்சலில் கேட்டு வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். ஹோட்டல் பில், டாக்சி பில், மாற்றிய விமானச் சீட்டு எல்லாவற்றையும் அதோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.